கண் ரோட்டிலதான் இருந்தது

மாமா தன்ர வானுக்குப் புதுசா ஒரு சாமான் பூட்டியிருந்தார். உள்ளங்கையளவு கறுப்புப் பெட்டி. வாகனத்துக்கு ஏதும் பிழையென்றால் மெக்கானிக்மார் கொம்பியூட்டரைக் கொழுவிப் பார்ப்பார்களே, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற அந்த இடத்தில் இதன் வயரைச் செருகினால் போதும். ஓடுகிற வேகம் முன்கண்ணாடியில் பச்சை இலக்கமாய் விழும். ஏ9 வீதியில் வேகம் பிடிக்கிற பொலிசாரிடம் இரண்டு தரம் தண்டம் கட்டியதுதான் இதை வாங்கக் காரணம்.

"இனிக் குனிஞ்சு மீற்றர் பாக்கத் தேவையில்லை பிள்ளை. கண் எப்பவும் ரோட்டிலதான்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் போகிற வாகனம் ஒரு செக்கனில் கிட்டத்தட்ட 17 மீற்றர் ஓடிவிடும். மீற்றரைக் குனிந்து பார்த்து நிமிர ஒரு செக்கன் எடுத்தால், அந்த 17 மீற்றரும் கண்ணை மூடிக்கொண்டு ஓடின மாதிரித்தானே? போர் விமானங்களுக்கு முதலில் இதைச் செய்ததும் அதற்காகத்தான். விமானி தலையைக் குனியாமலே தேவையானதை எல்லாம் பார்க்கலாம். 1988இல் ஜெனரல் மோட்டர்ஸ் அதைத் தன் ஓல்ட்ஸ்மொபில் கார் ஒன்றுக்குக் கொண்டுவந்தது.

வவுனியாவில் ஒரு கலியாணவீட்டுக்குப் போய்விட்டு வந்துகொண்டிருந்தோம். மாமாவுக்குப் பக்கத்தில் நான். பின் சீற்றில் அம்மம்மா. புளியங்குளம் தாண்டும்போது பொழுதுபட்டுவிட்டது. இருட்டில் அந்தப் பச்சை இலக்கம் இன்னும் வடிவாய்த் தெரிந்தது. 66, 67, 69. நான் அதை ஒரு விளையாட்டாகவே ஆக்கியிருந்தேன். 70ஐத் தாண்டினால் மாமாவுக்குச் சொல்வது என் வேலை.

"மாமா, 72!"

"தம்பி! சைக்கிள்!" அம்மம்மா கத்தினா.

மாமா பிரேக்கை அமத்தி வலப்பக்கம் வெட்டினார். நல்லகாலம், எதிரே ஒன்றும் வரவில்லை. பின்னுக்கு விறகு கட்டிய சைக்கிள். லைற் இல்லை. அதில் வந்த ஐயா இறங்கி, எங்களை ஒருக்கால் பார்த்துவிட்டு, சைக்கிளைக் கிரவல் கரைக்கு உருட்டிக்கொண்டு போனார். ஒரு வார்த்தை பேசவில்லை.

முறிகண்டியில் தேத்தண்ணி குடிக்கிற வரைக்கும் எங்கள் ஒருவருக்கும் கதை வரவில்லை. கச்சான் வாங்கியும் சாப்பிட மனமில்லை.

பிறகுதான் யோசித்தேன். என் கண் முன்னுக்குத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. மாமாவின் கண்ணும் அப்படித்தான். அந்த ஐயா எங்கள் பார்வைக்குள்தான் இருந்தார். நாங்கள் பார்த்தது இலக்கத்தை.

கம்பஸில் உளவியல் வகுப்பில் ஒரு வீடியோ காட்டினார்கள். சைமன்ஸ், சப்ரிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999இல் வெளியிட்ட ஆய்வு அது. வெள்ளை உடுப்புக்காரர் பந்தை எத்தனை தரம் மாற்றிக்கொள்கிறார்கள் என்று எண்ணவேண்டும். நடுவிலே கொரில்லா வேசம் போட்ட ஒருவர் வந்து நெஞ்சில் அடித்துவிட்டுப் போவார். ஆய்வில் பார்த்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு அவர் தெரியவே இல்லை. வகுப்பில் எனக்கும் தெரியவில்லை. சிரித்துவிட்டு மறந்துபோனேன். நாசா இதைவிட முன்னமே, 1980 அளவில், விமானிகளைப் போலி விமான அறைக்குள் இருத்திப் பார்த்திருக்கிறது. கண்ணாடியில் விழுகிற தகவலைப் பார்த்தபடி தரையிறக்கிய அனுபவமுள்ள விமானிகள் சிலருக்கு, ஓடுபாதையில் குறுக்கே நின்ற இன்னொரு விமானம் தெரியவில்லை.

அதற்காக அந்தப் பெட்டி கூடாத சாமான் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு வேக இலக்கத்தைச் சட்டென்று பார்த்துவிட்டு விடுவதற்கு, குனிவதைவிட அது நல்லதுதான். ஆனால் அது கண்ணுக்குத்தான் உதவி செய்கிறது. கவனம் வேறு விசயம். அது ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தான் வடிவாய் இருக்கும். இலக்கமும் வீதியும் ஒரே கண்ணாடியில் தெரிவதால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறோம் என்று நினைத்துவிடுகிறோம். குனிந்து மீற்றரைப் பார்க்கிற ஆளுக்கு, தான் ரோட்டைப் பார்க்கவில்லை என்பதாவது தெரியும். எங்களுக்கு அதுவும் தெரியவில்லை. இப்ப வருகிற கார்களில் வேகம் மட்டுமில்லை, வழி காட்டுகிற அம்புக்குறி, அழைப்பு எடுக்கிறவரின் பெயர் எல்லாம் கண்ணாடிக்கே வருகுதாம்.

மாமா இந்தக் கதையை வீட்டில் எல்லோருக்கும் சொன்னார். "லைற் இல்லாமல் வந்தா ஆருக்குத் தெரியும்?" என்றுதான் ஒவ்வொரு தரமும் முடிப்பார். லைற் இல்லை என்பது உண்மை. ஆனால் பின் சீற்றில் இருந்த அம்மம்மாவுக்கு அந்த ஐயா தெரிந்தாரே. அவவுக்கு எண்ண ஒரு இலக்கமும் இருக்கவில்லை.

சரியாக அந்த நேரத்தில் "72" என்று கத்தியது நான் என்பதை மாமா ஒருநாளும் சொன்னதில்லை. மறந்திருக்கலாம். நானும் இன்றுவரைக்கும் வாய் திறக்கவில்லை.

பெட்டி இன்னும் வானில்தான் இருக்கிறது. முன் சீற்றில் ஏறினால் இப்ப நான் அந்த மூலையைப் பார்ப்பதில்லை. ரோட்டுக் கரையைப் பார்த்துக்கொண்டு வருகிறேன்.