மவுண்ட் ரோட்டு நினைவுகள்

சென்னை அண்ணா சாலையை மவுண்ட் ரோடு என்றே அழைக்கும் முதியோர் இன்றும் உளர். புனித தோமையார் மலைக்கு இட்டுச் செல்லும் சாலையாதலின் அப்பெயர் பெற்றது. 1844-இல் தொடங்கப்பெற்ற ஹிக்கின்பாதம்ஸ் புத்தகசாலை இங்கே நிலைத்திருக்கிறது. ஸ்பென்சர் நிறுவனத்தின் பழைய செங்கல் மாளிகையோ 1983-இல் தீக்கிரையாயிற்று. அவ்விடத்தில் ஸ்பென்சர் பிளாசா எழுந்தது. 1937-இல் நிறுவப்பெற்ற இந்தியன் ஓவர்சீஸ் வங்கியின் தலைமை அலுவலகமும் இச்சாலையில்தான் உள்ளது.

வங்கி எழுத்தர்கள் பாஸ் புத்தகத்தில் கையால் வரவு எழுதித் தந்த காலத்தை நாம் கண்டிருக்கிறோம். வரிசையில் நிற்பது தொல்லையே. ஆயினும் எழுதத் தெரியாதவருக்கு அருகில் நின்றவர் படிவத்தை நிரப்பிக் கொடுப்பார். இன்று கைப்பேசியே வங்கியும் கடையும் ஆகிவிட்டது. நேரம் மிச்சமாகிறது, உண்மை. ஆனால் அக்கருவி கைவராத முதியவர் யாரிடம் கேட்பார்? அருகில் நின்றவர் அன்று செய்த உதவியை, இன்று வீட்டுப் பிள்ளைகள் பொறுமையுடன் செய்தல் வேண்டும்.