செண்பகனூரில் ஒரு யோசனை

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் வெள்ளி அருவியருகே வண்டியை நிறுத்துவார்கள். படம் பிடித்துக் கொண்டு மேலே ஏறிவிடுவார்கள். அதற்கு மேலுள்ள செண்பகனூரில் இறங்குகிறவர்கள் சிலரே. நாம் இறங்கினோம்.

ஏசு சபையார் 1895-ஆம் ஆண்டில் இங்கே திரு இருதயக் கல்லூரியை நிறுவினார்கள். அதைச் சேர்ந்த காட்சிசாலையில் பறவைகள், பாம்புகள், பூச்சிகளோடு பழனி மலைக் கல்திட்டைகளில் கிடைத்த பழம் பொருள்களும் இருக்கின்றன. ஆங்லேடு பாதிரியாரும் நியூட்டன் பாதிரியாரும் அத்திட்டைகளை ஆராய்ந்து எழுதிய நூலைத் தொல்பொருள் இலாகா 1928-ல் வெளியிட்டது. அவ்வளவு பெரிய பலகைக் கற்களைத் தூக்கி நிறுத்தியவர்களின் ஊர்கள் இன்று இல்லை; கற்கள் மட்டும் நிற்கின்றன.

இக்காலத்தில் பாழ்பட்ட கிராமம் ஒன்றை எடுத்து, பிறர் கையை எதிர்பாராத புதுக் குடியிருப்பு அமைக்க வேண்டுமென்று கனவு காணும் இளைஞர்கள் உண்டு. நல்ல கனவுதான். ஆனால் காகிதத்தில் முதலில் வீடுகளை வரைந்துவிடுகிறார்களே, அதுதான் நமக்குக் கவலை.

தன் உணவையும், துணிக்கான பருத்தியையும் கிராமமே விளைவிக்க வேண்டும் என்று 1942-ல் 'ஹரிஜன்' பத்திரிகையில் காந்தியடிகள் எழுதினார். சுத்தமான குடிநீருக்குக் கிராமமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்றும் சொன்னார். இம்மலைக் குளிரில் பருத்தி விளையாது. பூம்பாறையின் படிக்கட்டு வயல்களில் விளையும் பூண்டும் உருளைக்கிழங்கும் கீழே இறங்குகின்றன. அரிசியும் துணியும் மேலே ஏறுகின்றன. இந்தக் கொடுக்கல் வாங்கலில் மலையூருக்கு இழுக்கு ஒன்றுமில்லை. ஜலத்தை மட்டும் அப்படி வாங்கி ஓர் ஊர் வாழ முடியாது.

அந்த ஜலம் எங்கிருந்து வருகிறது? சோலைக் காட்டின் இலைமக்கும் புல்வெளியும் மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையில் சிறுகச் சிறுக ஓடைக்கு விடுகின்றன. அப்புல்வெளிகளில் பெரும்பகுதியை வாட்டில், யூகலிப்டஸ், பைன் மரங்கள் பிடித்துக்கொண்டன. 1985-ல் தோன்றிய பழனி மலைப் பாதுகாப்புச் சங்கம் போன்றவை நாட்டு மரக் கன்றுகளை வளர்த்து வருவது இக்காரணத்தால்தான்.

ஜே. சி. குமரப்பா 1945-ல் ஜபல்பூர்ச் சிறையில் எழுதிய நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலில், எடுக்க எடுக்கக் குறையும் செல்வத்தையும், ஓயாமல் ஊறிவரும் செல்வத்தையும் பிரித்துக் காட்டினார். பின்னதை நம்பி வாழும் ஊரே நிலைக்கும் என்பது அவர் கொள்கை.

ஆதலால் பாழூருக்குப் போகும் இளைஞர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: முதல் வருஷம் ஊற்றைத் தேடுங்கள், அதற்கு மேலுள்ள சரிவில் சோலை மரங்களை நட்டுக் காவல் காருங்கள். பிறகு வயல், பிறகு மாடு. ஊற்று கோடையிலும் வற்றாமல் ஓடுவதைக் கண்ட பின்பு வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டலாம். அதுவரை ஒரு கூரைக் குடிசை போதாதா?