பதினைந்து விழுக்காடு

ஆண்டுதோறும் இருமுறை ஆர்க்டிக் கடற்பனி செய்தியாகிறது. மார்ச்சில் அது தன் உச்சத்தை எட்டும்போது ஒருமுறை; செப்டம்பரில் மிகக் குறுகிப்போகும்போது மறுமுறை. 2012 செப்டம்பரில் அது ஏறத்தாழ 34 இலட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. 2025 மார்ச்சின் உச்சம் ஏறத்தாழ 1 கோடியே 43 இலட்சம்; செயற்கைக்கோள் பதிவுகளில் அதுவரை கண்ட குளிர்கால உச்சங்களுள் மிகச் சிறியது. நாளிதழ்கள் இவ்வெண்களை எடுத்துப் போட்டு, மேலே 'உருகும் பனிப்பாறைகள்' என்று தலைப்பிடுகின்றன. பனிப்பாறை என்பது நிலத்தின்மேல் பெய்த பனி பல்லாண்டுகள் அழுந்தி இறுகியது. கடற்பனியோ கடல்நீரே சுழியத்திற்குக் கீழே 1.8 பாகை செல்சியசில் உறைந்து ஆவது, மிதப்பது, அது உருகுவதால் கடல்மட்டம் உயர்வது மிகச் சொற்பம். இவ்விரண்டையும் ஒரே சொல்லில் அடைப்பது மொழிபெயர்ப்பின் சோம்பல். அதை விட்டுவிடலாம். அந்த எண்ணுக்குள்ளேயே இதைவிடச் சுவையான ஒரு சொற்சிக்கல் இருக்கிறது: எதைப் 'பனி' என்று கொண்டு எண்ணினார்கள்?

விடை ஒரு வரம்பில் இருக்கிறது. 1978 அக்டோபரில் ஏவப்பட்ட நிம்பஸ்-7 தொடங்கி இன்றுவரை, துருவக் கடல்களை நுண்ணலை உணரிகள் இடையறாது நோக்கி வருகின்றன. எல்லாப் பொருளும் தன்னியல்பாகவே நுண்ணலைக் கதிர்களை வெளிவிடுகிறது. கடற்பனி மிகுதியாக, திறந்த நீர் குறைவாக. மேகம் இதை மறைப்பதில்லை. மாதக்கணக்கில் நீளும் துருவ இரவும் தடையில்லை. இப்படிக் கிடைத்த குறிகளைப் பக்கத்துக்கு 25 கிலோமீட்டர் கொண்ட கட்டங்களில் இட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் பனியின் செறிவைக் கணக்கிடுகிறார்கள். செறிவு 15 விழுக்காட்டை எட்டினால் கட்டம் முழுவதும் பனிப்பரப்பில் சேரும். அதாவது 625 சதுர கிலோமீட்டரில் 94 சதுர கிலோமீட்டர் பனி இருந்தால் 625-உம் வரவு. 14 விழுக்காடு என்றால் வரவு சுழியம்.

முதன்முறை கேட்பவருக்கு இது கணக்கு மோசடியாகத் தோன்றும். மோசடி அன்று. காற்றில் கொந்தளிக்கும் கடலும் வளிமண்டல ஈரமும் உணரிக்கு மெல்லிய பனிபோலத் தெரியக்கூடும். அந்த மயக்கத்திற்கு மேலே ஓரிடத்தில் கோடு கிழித்தாக வேண்டும். கப்பலிலும் விமானத்திலும் இருந்தோர் நேரில் கண்ட பனி விளிம்போடு 15 விழுக்காட்டுக் கோடு நன்றாகவே ஒத்துப்போனது. மொழியியல் மாணவர்க்கு இது பழகிய செயல். தொடர்ச்சியாக மாறிச் செல்லும் ஓர் ஒலியை ஒரு புள்ளியில் வெட்டி, இப்புறம் ஓர் ஒலியன், அப்புறம் வேறோர் ஒலியன் என்றுதானே செவி கேட்கிறது! இங்கே வேறுபாடு ஒன்றுதான்: செவி எங்கே வெட்டுகிறது என்பதை மொழிச்சமூகம் தீர்மானிக்கிறது, உணரி எங்கே வெட்ட வேண்டும் என்பதை ஒரு குழு உட்கார்ந்து தீர்மானித்தது.

ஒரே கோட்டை இத்தனை ஆண்டுகளாகப் பிடித்திருப்பதுதான் அந்தப் பதிவின் வலிமை. கோடு சற்றுத் தன்னிச்சையானதாக இருந்தாலும், எல்லா ஆண்டுக்கும் ஒன்றாக இருந்தால் போக்கு தெளிவாகும். கருவி நழுவினால்தான் இடர். 2009 சனவரியிலும் பிப்ரவரியிலும் அப்படி நேர்ந்தது. அமெரிக்காவின் தேசியப் பனித்தரவு மையம் பயன்படுத்திய உணரி மெல்லப் பிறழத் தொடங்கி, ஒரு கட்டத்தில் ஆர்க்டிக் பனியை ஏறத்தாழ 5 இலட்சம் சதுர கிலோமீட்டர் குறைத்துக் காட்டியது. ஐயமறப் பனி மூடிய பகுதிகள் திறந்த கடலாகத் தெரிகின்றனவே என்று வாசகர்கள் எழுதிக் கேட்டார்கள். மையம் பிழையை வெளிப்படையாக அறிவித்து வேறொரு செயற்கைக்கோளுக்கு மாறியது. புவி வெப்பமாதலை மறுப்போருக்கு அது சில வாரக் கொண்டாட்டம். தரவைப் படிப்போர் கற்றுக்கொள்ள வேண்டியதோ, அந்தத் திருத்தம் பூசிமெழுகாமல் அறிவிக்கப்பட்ட முறையை.

கோடை வந்தால் வேறொரு தொல்லை. சூன் மாதத்தில் பனியின் மேற்புறம் உருகி ஆங்காங்கே நீலக் குட்டைகள் தேங்குகின்றன. அவற்றின் அடியில் ஒரு மீட்டரோ அதற்கு மேலோ பனி இருக்கலாம். நுண்ணலை உணரிக்கு அந்த நன்னீர்க் குட்டையும் திறந்த கடலும் ஒன்றே. ஆகவே பனி மிக வேகமாக மாறும் பருவத்தில்தான் செறிவுக் கணக்கு மிகவும் தடுமாறுகிறது. கனடாவின் பனிச்சேவை போன்ற அமைப்புகளில் இன்றும் மனிதர்கள் ரேடார் படங்களைக் கண்ணால் பார்த்து, எல்லை வரைந்து, முட்டை வடிவக் குறியீட்டுக்குள் செறிவு, வயது, பாளங்களின் அளவு ஆகியவற்றை எண்களாக எழுதுகிறார்கள். அவர்களது வரைபடத்தில் பனி இருக்கும் இடம் நுண்ணலை வரைபடத்தில் வெறும் நீராக இருப்பதுண்டு. காலநிலை ஆய்வாளருக்குத் தொடர்ச்சி வேண்டும். மாலுமிக்குத் தன் கப்பலின் முன்னே கிடப்பது தெரிய வேண்டும். ஒரே கடலுக்கு இரண்டு வரைபடங்கள் இருப்பதில் வியப்பில்லை.

தென்துருவத்தில் பரப்பின் ஊசலாட்டம் இன்னும் பெரிது. 2014இல் அங்கே பனி 2 கோடி சதுர கிலோமீட்டரைக் கடந்தது. 2023 பிப்ரவரியில் 18 இலட்சத்துக்கும் கீழே இறங்கியது. ஆயினும் அங்கே எதிர்பாராத இழப்பைக் காட்டியது பரப்பு அன்று, நாள். பேரரசப் பெங்குவின்கள் கரையோடு ஒட்டி நிற்கும் நிலைப்பனியின்மேல் குஞ்சு வளர்ப்பவை. நீர்புகா இறகு முளைக்கும்வரை குஞ்சுகளுக்கு அந்தத் தரை கலையாமல் இருக்க வேண்டும். 2022இல் பெல்லிங்ஸ்ஹவுசன் கடலோரம் பனி முன்கூட்டியே உடைந்தது. அங்குள்ள ஐந்து குடியிருப்புகளில் நான்கில் அவ்வாண்டுக் குஞ்சுகள் பிழைக்கவில்லை என்பதைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து அறிந்தார்கள். சில வாரங்கள் தாழ்த்தி உடைந்திருந்தால் அதே அளவுப் பனி இழப்பு எந்த உயிரையும் வாங்கியிராது.

தெற்கில் பனிக்குப் பெயரிட்டு அதன்மேல் வாழ்ந்த மாந்தர் இல்லை. வடக்கில் உண்டு; அங்கேதான் சொற்சிக்கல் முழுவதும் விரிகிறது.

உலக வானிலை அமைப்பு 1970இல் வெளியிட்ட கடற்பனிக் கலைச்சொற்கள் பெரும்பாலும் மாலுமிகளின் சொற்கள். 'நிலாஸ்' என்பது உருசியக் கடலோரத்திலிருந்து வந்தது: பத்து சென்டிமீட்டருக்கு மிகாத, அலை வந்தால் உடையாமல் வளைந்து கொடுக்கும் கருநிறப் படலம். கப்பல் இதைப் பிளந்து போகுமா என்பதே அச்சொற்களுக்குப் பின்னாலிருக்கும் கேள்வி. இனுயிட் மக்களின் இனுக்டிடுட் மொழியிலோ கேள்வி வேறு: இதன்மேல் நடக்கலாமா? 'கினு' என்றால் கூழ்போல் மிதக்கும் தொடக்கப் பனி. 'சிகு' என்ற வேரிலிருந்து மெல்லிய புதுப்பனிக்குச் 'சிகுவாக்', சற்று முதிர்ந்த இளம்பனிக்குச் 'சிகுலியாக்'. (அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கப்பல் ஒன்று இப்பெயரையே தாங்கியிருக்கிறது.) கரையோடு ஒட்டி இறுகிய நிலைப்பனி 'துவக்'. அது முடிந்து திறந்த நீர் தொடங்கும் விளிம்பு 'சினாக்'. நீரோட்டத்தின் வேகத்தால் உறையாமலே கிடக்கும் இடம் 'சக்வக்'.

இங்கே ஒரு பழைய பூதத்தை விரட்டிவிட்டு நகர வேண்டும். பனிக்கு எசுகிமோ மொழியில் நூறு சொற்கள் என்ற கதை 1911இல் ஃபிரான்ஸ் போவாஸ் எடுத்துக்காட்டிய நான்கு சொற்களிலிருந்து ஊதிப் பெருத்தது. லாரா மார்ட்டின் 1986இலும், ஜெஃப்ரி புல்லம் 1991இல் நூலாகவும் அதைக் குத்தி உடைத்தார்கள். உடைத்தது சரி. ஆனால் அதற்குப் பிறகு மொழியியல் வகுப்புகளில் 'பனிச்சொல்' என்றாலே நகைப்பு என்றாகிவிட்டது, அது சரியன்று. போவாஸ் 1883–84இல் பேஃபின் தீவில் தங்கியிருந்தபோது பனிச்சொற்களைக் கேட்டுக் குறித்தவர். அலாஸ்காவின் வேல்ஸ் என்ற சிற்றூரில் விண்டன் வேயாபுக்கும் இகோர் குருப்னிக்கும் 2012இல் தொகுத்த அகராதி கடற்பனிக்கு மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட சொற்களைப் படங்களோடு தருகிறது. எத்தனை என்று எண்ணுவது சலிப்பூட்டும் வேலை. ஒவ்வொரு சொல்லும் எந்த முடிவை எடுக்க உதவியது என்பதே கேட்கத் தக்கது.

துவக் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். கலைச்சொல் பட்டியலில் அதற்கு நேராக 'நிலைப்பனி' என்று எழுதிவிட்டால் மொழிபெயர்ப்பு முடிந்தது போலிருக்கும். கப்பலுக்கு நிலைப்பனி தடை. இனுயிட் வேட்டுவருக்கு அதுவே சாலை, அடுத்த ஊருக்கு வழி. இது உருவகமன்று, சட்டம். 1993ஆம் ஆண்டின் நுனாவுட் நில உரிமை உடன்படிக்கையில் 16ஆம் உறுப்பு முழுவதும் கிழக்கு பேஃபின் கரையின் வெளிப்புற நிலைப்பனி மண்டலத்தைப் பற்றியது. நில உரிமை பேசும் ஆவணம் உறைந்த கடலுக்கு ஓர் உறுப்பை ஒதுக்கியிருக்கிறது. சாலை எப்போது திறக்கும் என்பதற்கு மொழியில் பருவப் பெயர்கள் உண்டு. தமிழரின் பெரும்பொழுதுகளைப் போலவே அங்கும் ஆறு. கடல் உறையும் பருவம் 'உகியாக்'. அதற்கு முந்தியது, அதே வேரில் ஓர் ஒட்டுச் சேர்ந்த 'உகியஸ்ஸாக்'. பெயர்கள் அப்படியே இருக்கின்றன. அவை சுட்டும் நாள்கள்தாம் இடம் பெயர்ந்துவிட்டன. கடல் தாழ்ந்து உறைகிறது, முந்தி உடைகிறது. சொல்லை நம்பிக் காலை வைப்பவருக்கு அந்தச் சில வாரங்கள் உயிர்ப்பிரச்சினை.

செயற்கைக்கோள் அவருக்கு உதவுமா? 25 கிலோமீட்டர்க் கட்டம் உதவாது. குறுகிய கடற்கால்களில் அத்தகைய கட்டத்தை வைத்தால் கரையும் அதற்குள் வந்து குறியைக் கெடுத்துவிடும். மக்கள் நடமாடும் கரையோரத்தில்தான் அந்தக் கணக்கு மிகவும் நலிந்தது. கூர்மையான ரேடார் படம் பரப்பைக் காட்டும். ஆளைத் தாங்கும் தடிமன் உண்டா என்பதை அறுதியிட்டுச் சொல்லாது.

2009–10 குளிர்காலம் லாப்ரடாரின் நெயின் ஊருக்கு அதை உணர்த்தியது. வழக்கத்துக்கு மாறான வெம்மையில் கடல் சரியாக உறையவில்லை. பழகிய வழிகளில் போனவர்களில் சிலர் பனி உடைந்து நீரில் விழுந்தார்கள். அதன்பின் நூனாட்சியாவுட் தன்னாட்சி அரசும் நியூஃபவுண்ட்லாந்தின் மெமோரியல் பல்கலைக்கழகமும் சேர்ந்து தொடங்கிய முயற்சி 'ஸ்மார்ட்-ஐஸ்'. பனியில் நட்டுவைக்கும் மிதவை ஒன்று வெப்பநிலைகளை அனுப்பும். பனிவண்டியின் பின்னே சறுக்குப்பலகையில் இழுத்துச் செல்லும் கருவி, அடியிலுள்ள உப்புநீரின் மின்கடத்தும் பண்பைக் கொண்டு பனியின் தடிமனைக் கணிக்கும். ஓட்டுபவர் அவ்வூரார்.

பேஃபின் தீவின் வடக்கே மிட்டிமாடலிக் ஊரில், வரைபடத்தில் பாண்ட் இன்லெட், இப்பணியை வழிநடத்தும் குழுவுக்குச் 'சிகுமியுட்' என்று பெயர். பனியின்மேல் இருப்போர் என்று பொருள்படும். குழுவினர் முதியோரிடம் கேட்டு, அந்தக் கடற்காலுக்குரிய பனிச்சொற்களை இனுக்டிடுட்டில் விளக்கங்களோடும் படங்களோடும் தொகுத்தார்கள். கருவி தடிமனை அளந்து சொல்கிறது. எந்தத் திசையில் முதலில் அளப்பது, எந்தச் சக்வக்கின் அருகே வண்டியைக் கொண்டுபோகவே கூடாது என்பதைக் குழு சொல்கிறது.