நக்கரில் ஒரு கணப்பு அடுப்பு

"இங்கே குளிர் சொல்லி முடியாது, அண்ணா. ஆனால் கவலைப்பட வேண்டாம். கடைத்தெருவிலேயே பெரிய அடுப்பாகப் பார்த்து வாங்கிப் படுக்கை அறையில் வைத்துவிட்டோம். அரையாண்டு விடுமுறைக்கு நீங்கள் அவசியம் வரவேண்டும். குழந்தையைப் பார்த்த மாதிரியும் இருக்கும், பனிமலையைப் பார்த்த மாதிரியும் இருக்கும்" என்று என் தங்கை எழுதியிருந்தாள். மாப்பிள்ளைக்குத் தோட்டக்கலை சம்பந்தமான உத்தியோகம். குலு பள்ளத்தாக்கில் நக்கர் என்னும் ஊருக்கு மாற்றலாகி நாலு மாதந்தான் ஆகியிருந்தது. நெற்றிக்கண்ணின் வெப்பத்தால் வெந்து பொற்றாமரையில் விழுந்த நக்கீரருக்கும் இந்தக் குளிர் ஊருக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நக்கர், மணாலிக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில், பியாஸ் நதியின் இடது கரையில் மலைச் சரிவின் மேல் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். நம் உதகமண்டலமோ 2,240 மீட்டர். "உதகையைவிடத் தாழ்ந்த ஊர்தானே! உதகையின் குளிரைப் பார்த்தவனுக்கு இது எம்மாத்திரம்!" என்று கணக்குப் போட்டுக்கொண்டு, ஒரே ஒரு கம்பளிச் சட்டையுடன் ரயில் ஏறினேன். உதகை பூமத்திய ரேகைக்கு வடக்கே 11 பாகையில் இருக்கிறது, நக்கர் 32 பாகையில் இருக்கிறது என்னும் சங்கதியை இருபது வருஷமாக வகுப்பில் படம் போட்டுக் காட்டிவரும் ஆசாமி நான். இருந்தாலும் குலுவில் பஸ்ஸை விட்டு இறங்கி, பற்கள் தாமாகத் தாளம் போட ஆரம்பித்த பிறகுதான் அந்தப் பாடம் எனக்கு அர்த்தமாயிற்று.

வீடு புதிய சிமெண்டுக் கட்டடம். பனிமலை தெரிய வேண்டும் என்பதற்காக மேற்குச் சுவர் முழுவதையும் கண்ணாடி ஜன்னலாகவே வைத்திருந்தார்கள். தரையெல்லாம் வழவழப்பான பளிங்குக் கல். கூடம் 20 அடிக்கு 16 அடி, உயரம் 10 அடி. அழகுக்குக் குறைவில்லை, ஆனால் கால் வைத்தால் ஐஸ் கட்டியின் மேல் நிற்பது போல் இருந்தது. ஆகவே தங்கையும் மாப்பிள்ளையும் குழந்தையும் 12 அடிக்கு 10 அடி அளவுள்ள படுக்கை அறையிலேயே குடித்தனம் நடத்தினார்கள். அந்தச் சின்ன அறையில்தான் அந்தப் பெரிய அடுப்பு வீற்றிருந்தது.

இந்த அடுப்புக்கு அங்கே 'தந்தூர்' என்று பெயர். ரொட்டி சுடும் மண் அடுப்பு என்று நினைத்துவிடக் கூடாது. இது நான்கு கால்கள் உள்ள ஓர் இரும்புத் தகட்டுப் பெட்டி. முன்னால் விறகு போடக் கதவு. மேலே பாத்திரம் வைக்க வட்டமான வாய்கள். பின்னால் புகை போவதற்கு ஒரு குழாய். காஷ்மீரத்தில் இதன் உறவினருக்கு 'புகாரி' என்று பெயர். நம் ஊரில் அடுப்பைக் கண்டால் வியர்வையைத் துடைத்துக்கொண்டு விலகிப் போகிறோம். அங்கே குளிர்காலத்தில் குடும்பம் முழுவதும் அடுப்பைச் சுற்றித்தான் வாழ்கிறது. சமையல், சாப்பாடு, குழந்தைகளின் பாடம், ஊர் வம்பு, தூக்கம் எல்லாம் அதன் முன்னால்தான்.

முதல் நாள் இரவு மாப்பிள்ளை உற்சாகமாக விறகை அடுக்கி நெருப்பு மூட்டினார். கால் மணி நேரத்துக்கெல்லாம் அறை வாணலி போல் ஆகிவிட்டது. போர்த்தியிருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகக் களைந்தோம். குழந்தை வீறிட்டு அழுதது. "கொஞ்சம் அடக்கி வையுங்கள்" என்றாள் தங்கை. மாப்பிள்ளை அடுப்பின் காற்று வாயை ஏறக்குறைய முழுவதும் மூடினார். தணல் கறுத்துப் புகைந்தது. அறை இதமாக ஆயிற்று. ஜன்னல்களையும் கதவையும் இறுகச் சாத்தினோம். "இப்படியே விடியும்வரை கனிந்துகொண்டிருக்கும்" என்று மாப்பிள்ளை பெருமையுடன் சொன்னார். எனக்குக் கூடத்தில் படுக்கை என்றுதான் முதலில் ஏற்பாடு. குளிருக்குப் பயந்து நானும் அறைக்குள்ளேயே ஒரு மூலையில் படுத்துக்கொண்டேன்.

இரவு இரண்டு மணி இருக்கும். தலையில் யாரோ ஆப்பு அடிப்பது போன்ற வலியுடன் விழித்தேன். எழுந்து உட்கார்ந்தால் அறை சுழன்றது. பிரயாண அலுப்பு என்றே நினைத்தேன். பிறகு தங்கை முனகுவது காதில் விழுந்தது. "எனக்கும் இரண்டு வாரமாகக் காலையில் இப்படித்தான் தலை வலிக்கிறது, அண்ணா. மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது" என்றாள். குழந்தையைத் தொட்டேன், எளிதில் விழிக்கவில்லை. அப்போதுதான் என் மரமண்டையில் ஏதோ உறைத்தது. தட்டுத் தடுமாறிப் போய் ஜன்னலைத் திறந்தேன். கதவைத் திறந்தேன். குழந்தையைக் கம்பளியில் சுற்றி வெளியே எடுத்துக்கொண்டு ஓடினோம். சில நிமிஷங்கள் கழித்து அது அழுதது. மாலையில் வீறிட்ட அதே குரல் அப்போது சங்கீதமாக இருந்தது. அன்றிரவே வைத்தியரிடம் காட்டிவிட்டுத்தான் வீடு திரும்பினோம்.

காற்று போதாமல் விறகு புழுங்கினால் கார்பன் மோனாக்ஸைடு என்னும் விஷவாயு மிகுதியாக உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள சிவப்புப் பொருளோடு அது பிராணவாயுவைப்போல் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பலத்துடன் ஒட்டிக்கொள்கிறது. கொழுந்துவிட்டு எரியும்போது குழாய் சூடாகிப் புகையை இழுத்துக்கொண்டு போகிறது. அடக்கி வைத்தாலோ குழாய் ஆறிப்போய் இழுப்புக் குறைந்துவிடுகிறது. வாயு இணைப்புகளின் சந்து வழியாக அறைக்குள் நுழைகிறது. எங்கள் அடுப்பின் குழாயோ, ஜன்னல் வழியாக வெளியே போய் ஒரு முழம் நீட்டிக்கொண்டு நின்றுவிட்டது. எதிர்க்காற்று அடித்தால் புகை திரும்பி வருவதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேண்டியதில்லை.

மறுநாள் காலையில் வீட்டுக்காரரின் தாயார் விஷயம் தெரிந்து வந்தார். எழுபதைத் தாண்டிய மூதாட்டி. உடம்பைச் சுற்றிப் பட்டு என்னும் கட்டம் போட்ட கம்பளியாடை. (பெயர்தான் பட்டு, அசல் ஆட்டு ரோமம்!) அடுப்பை ஒரு பார்வை பார்த்தார். "மாஸ்டர்ஜி, இது கல்யாண வீட்டு அடுப்பு அல்லவா?" என்று சொல்லிவிட்டு, எங்களைத் தமது வீட்டுக்கு அழைத்துச் சென்றார். மகன் கட்டிய சிமெண்டு வீட்டில் குடியேற மறுத்து, பக்கத்திலேயே பழைய வீட்டில் அவர் இருந்து வருகிறார்.

அந்தப் பழைய வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்தப் பக்கத்தில் இதைக் 'காட் குணி' கட்டடம் என்கிறார்கள். தேவதாரு மர உத்தரங்கள் ஒரு வரிசை, கற்கள் ஒரு வரிசை என்று சுண்ணாம்புச் சாந்தே இல்லாமல் மாற்றி மாற்றி அடுக்கிய சுவர். உத்தரங்கள் மூலையில் ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. நக்கரிலுள்ள பழைய ராஜாக்களின் கோட்டையும் இந்த முறையில் கட்டியதுதான். 1905-ம் வருஷம் காங்கடாப் பூகம்பத்தில் அந்தப் பிரதேசமே ஆட்டங்கண்டபோதும் அது விழவில்லை. இப்போது பிரயாணிகள் தங்கும் விடுதியாக இருக்கிறது. வீடுகளில் கீழ்த்தளம் மாடுகளுக்கு. அவற்றின் உடற்சூடு மேலே வருகிறது. மனிதர்கள் மேல்தளத்தில். வாசற்படி மிகத் தாழ்வு. நான் இரண்டு தடவை நெற்றியை இடித்துக்கொண்டேன். ஜன்னல்கள் புறாக்கூண்டு அளவுதான்.

மூதாட்டியின் அறைக்குள் நுழைந்ததும் இதமான சூடு உடம்பைத் தழுவிக்கொண்டது. அடுப்பு எங்கே என்று தேடவேண்டியிருந்தது! இரண்டு சாண் நீளம், ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலாக உயரம், அவ்வளவுதான். உள்ளே மூன்றே கட்டைகள் நன்றாக ஜொலித்து எரிந்துகொண்டிருந்தன. காற்று வாய் திறந்தே இருந்தது. குழாய் நேராக மேலே போய்க் கூரையையும் தாண்டி நின்றது.

"குளிர் வந்தால் வீடு சிறுத்துப்போகும், மாஸ்டர்ஜி" என்றார் மூதாட்டி. மாப்பிள்ளை மொழிபெயர்த்தார். "கோடைக்கு ஐந்து அறை. குளிருக்கு ஓர் அறை. முதலில் அறையைத் தீர்மானம் செய்ய வேண்டும். பிறகு சந்துகளை அடைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அடுப்பு வாங்கப் போக வேண்டும். நீங்கள் அடுப்பை வாங்கிக்கொண்டு வந்து அறையைத் தேடினீர்கள்."

பட்டம் பெற்ற இருவரும் வாய் திறக்கவில்லை.

மத்தியானம் காகிதம் எடுத்து உட்கார்ந்தேன். தங்கையின் படுக்கை அறை 12 அடி, 10 அடி, 9 அடி உயரம். அதாவது 1,080 கன அடி, சுமார் 30 கன மீட்டர். குளிரை அதிகம் தடுக்காத வீடுகளில் 10 கன மீட்டருக்கு ஒரு கிலோவாட் வீதம் உஷ்ணம் தேவை என்பது உத்தேசமான வாய்பாடு. ஆகவே 3 கிலோவாட் போதும். வாளியில் போட்டு வெந்நீர் வைக்கும் மின்சாரக் கம்பி ஒன்று சுமார் ஒரு கிலோவாட் என்று வைத்துக்கொண்டால், மூன்று கம்பிகளின் சூடு. நன்றாக உலர்ந்த விறகு ஒரு கிலோவில் 4 கிலோவாட் மணி உஷ்ணம் அடங்கியிருக்கிறது. சாதாரணத் தகட்டு அடுப்பில் அதில் பாதி புகையோடு போய்விடும். ஆகவே மணிக்கு ஒன்றரைக் கிலோ விறகு நன்றாக எரிந்தால் கணக்குத் தீர்ந்தது. எங்கள் அடுப்போ ஒரே தடவையில் ஏழு கிலோவை விழுங்கக்கூடியது! அதை அதன் இஷ்டப்படி எரியவிட்டால் நாம் வெந்துபோவோம். நம் இஷ்டப்படி அடக்கினால் விஷம் கக்கும்.

விறகு விஷயத்திலும் ஏமாந்திருந்தோம். அப்போதுதான் வெட்டிய ஆப்பிள் கிளைகளை மலிவாகக் கிடைத்ததென்று மாப்பிள்ளை வண்டி நிறைய வாங்கிப் போட்டிருந்தார். பச்சை விறகின் எடையில் பாதிக்குப் பாதி தண்ணீர் இருக்கக்கூடும். ஒரு கிராம் நீரை ஆவியாக்க 540 கலோரி வேண்டும் என்பது நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்வதுதான். அறையைச் சூடாக்க வேண்டிய நெருப்பு, தண்ணீரைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. அந்த ஆவியும் புகையும் ஆறிய குழாயில் தாராகப் படிகின்றன; அதுவே பின்னொரு நாள் தீப்பற்றி எரியும். மூதாட்டி இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிக் காட்டினார். உலர்ந்தவை 'டிங்' என்றன. எங்களுடையவை 'தொப்' என்றன.

மறுநாள் குலு கடைத்தெருவுக்குப் போனோம். அடுப்புக்காரர் எங்களைப் பார்த்ததும், "போதவில்லையா? இதைவிடப் பெரியது வேண்டுமா?" என்று ஆவலுடன் கேட்டார். சிறியது வேண்டும் என்றதும் முகம் வாடி, ஒரு பொம்மை அடுப்பை எடுத்து வைத்தார். அதுவும் தப்பு. விறகை அரை அடித் துண்டுகளாக நறுக்க வேண்டும். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து ஊட்ட வேண்டும். எப்போதும் செக்கச் சிவந்து எரிந்து தகடு சீக்கிரம் இற்றுப்போகும். மூதாட்டியின் அடுப்பைச் சாணால் அளந்து கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். அந்த முடிச்சுக்குச் சரியான அடுப்பு மூன்றாவது கடையில் அகப்பட்டது.

அப்புறம் இரண்டு நாள் ஒரே தச்சு வேலைதான். புகைக்குழாயை ஓர் ஆள் வைத்து நேராகக் கூரைக்கு மேலே ஏற்றினோம். பளிங்குத் தரையில் கம்பளம் விரித்தோம். கண்ணாடி ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டோம். மலைக் காட்சி பகலில் மட்டும் என்று ஏற்பாடு. ஜன்னல் சந்துகளை எல்லாம் துணி வைத்து அடைத்தோம். ஆனால் ஒன்றை மட்டும் இரண்டு விரற்கடை திறந்தே வைத்தோம், நெருப்பும் மூச்சுவிட வேண்டுமல்லவா? கார்பன் மோனாக்ஸைடு வந்தால் அலறும் சிறு கருவி ஒன்றையும் தருவித்துச் சுவரில் மாட்டினேன். தூங்குவதற்கு முன் நெருப்பை அணைந்துபோக விட்டுவிட வேண்டும், பிறகு ரஜாய்தான் கதி என்பது மூதாட்டியின் கண்டிப்பான உத்தரவு.

அன்றிரவு ஒன்பது மணிக்கு உஷ்ணமானி 18 காட்டியது. வெளியே வாளித் தண்ணீரின் மேல் ஏடு கட்டியது போலப் பனிக்கட்டி. அடுப்பின் மேல் கெட்டில் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. குழந்தை கம்பளத்தின் மேல் குப்புறக் கவிழ்ந்து, கவிழ்ந்த சாதனைக்குத் தானே ஆச்சரியப்பட்டுக் கொண்டிருந்தது. காலையில் ஒருவருக்கும் தலைவலி இல்லை.

பெரிய அடுப்பைத் திருப்பி எடுத்துக்கொள்ளக் கடைக்காரர் பாதி விலைகூடத் தருவதாக இல்லை. கடைசியில் மூதாட்டிதான் அதை வாங்கிக்கொண்டார். நான் ஊருக்குப் புறப்பட்ட அன்று அது தொழுவத்து முற்றத்தில், திறந்த வெளியில், காற்று வாயை அகலத் திறந்துகொண்டு பிரமாதமாக எரிந்துகொண்டிருந்தது. அதன்மேல் ஒரு பெரிய அண்டாவில் மாடுகளுக்குக் கஞ்சி கொதித்தது.