பிள்ளைகள் வந்தால் பள்ளி பிழைக்கும்

பிரான்சின் நடுப்பகுதியில் இருக்கிறது க்ரூஸ் மாவட்டம். உயிர்வேலி சூழ்ந்த மேய்ச்சல் நிலங்கள், செந்நிற லிமூசின் மாடுகள். 1851-ல் 2.8 லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்த இந்த மண்ணில், இன்று 1.2 லட்சம் பேர்கூட இல்லை. அதனால்தான் சின்னப் பிள்ளைகளோடு குடியேறும் குடும்பத்துக்குத் தனி மரியாதை. பிள்ளைகள் குறைந்தால் கிராமப் பள்ளியில் வகுப்பையே மூடிவிடுவார்கள். புதிதாக இரண்டு பேர் சேர்ந்தால் தப்பவும் கூடும். 2019 முதல் 3 வயதிலேயே பள்ளி கட்டாயம். மொழியைப் பிள்ளைகள் விளையாட்டிலும் மதியச் சாப்பாட்டிலும் பிடித்துக்கொள்கிறார்கள், பெற்றோருக்குத்தான் நாளாகும்.

விவசாய நிலம் வாங்குவது அவ்வளவு லேசல்ல. விற்பனையை ‘சாஃபேர்’ என்ற நில அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும். தேவையென்றால் அதுவே முந்திக்கொண்டு வாங்கி, உழுகிறவருக்கு விற்கும். நல்ல ஏற்பாடுதான்.

குளிருக்கு விறகடுப்பு. ஓக் விறகு காய இரண்டு வருடமாகும். முதல் குளிருக்கு, காய்ந்த விறகை விலைக்குத்தான் வாங்க வேண்டும்.