ஆழியில் மறைந்த படகும் அளவையும்

அமெரிக்க நாட்டுப் பள்ளிகளில் மாணாக்கர்க்குத் தேடல் விளையாட்டு என ஒன்று வைப்பதுண்டு. ஆசிரியர் வினாநிரல் வகுத்துக் கொடுப்பர். சிறார் நூல்களிலும் செய்தித்தாள்களிலும் துருவி விடை கொணர்வர். அங்ஙனம் தேடப்படுவனவற்றுள் ஒன்று ஆண்ட்ரியா கெயில் என்னும் மீன்பிடி படகின் வரலாறு.

1991-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் மாசசூசெட்ஸ் மாகாணத்துக் கிளாஸ்டர்த் துறையினின்றும் அறுவரோடு வாள்மீன் பிடிக்கப் புறப்பட்ட அப்படகு, அக்டோபர் 28-ஆம் நாள் மாலை, புயலின் நடுவே, தன் இருப்பிடத்தை வானொலிவாயிலாக வேறொரு படகிற்கு உரைத்தது. பின்னர் அதன் குரலை எவரும் கேட்டிலர். நவம்பர் 9-ஆம் நாள் தேடுதல் நிறுத்தப்பட்டது. எண்ணெய்ப் பீப்பாய்களும், சேபிள் தீவில் ஒதுங்கிய அபாயக்குறிக் கருவியும், வேறு சில மிதவைப் பொருள்களுமே கிட்டின. அறுவர் உடலும் கிட்டில.

படகின் நீளம் யாது, புறப்பட்ட நாள் யாது என்னும் வினாக்கள் எளிதின் முடிவன. ‘படகு எவ்வாறு அமிழ்ந்தது?’ என்னுமிடத்தே சிறார் ‘பேரலை கவிழ்த்தது’ என எழுதிவிடுவர். கண்டார் யாவர்?

அருணந்தி சிவாசாரியர் சித்தியார் சுபக்கத்தில் பதியை நிறுவப் புகுமுன் அளவையை வைத்தருளினார். அளவை ஆறென்பாரும் பத்தென்பாரும் உளராயினும், அவையெல்லாம் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்பது அவர் துணிபு. பீப்பாயைக் கண்டது காட்சி. வானொலியிற் கேட்டது உரை. (உரையளவை சிறப்பாக இறைவன் நூலையே குறிக்கும், ஈண்டு ஆப்தன் மொழி என்னும் பொதுமையிற் கொள்க.) படகு அமிழ்ந்தது என்பது கருதல், அது தகும். அமிழ்ந்தவாறு இன்னதென்பதோ அக்கருதலுக்கும் எட்டாது. என்னை? புகைக்கும் நெருப்பிற்கும் உள்ள விடாத் தொடர்பு, ஒதுங்கிய பீப்பாய்க்கும் பேரலைக்கும் இல்லை. கவிழினும் பீப்பாய் மிதக்கும்; உடையினும் மிதக்கும்; சிறிது சிறிதாக நீர் புக்கு அமிழினும் மிதக்கும்.

செபாஸ்டியன் ஜங்கர் 1997-இல் இதுபற்றி எழுதிய நூலில் இவ்வரையறையைப் பெரிதும் போற்றினார். இறுதி நாழிகைகளைக் கூறுமிடத்து, பிற கலங்களில் அந்நிலையுற்றுப் பிழைத்தோர் கூற்றை வைத்து, ஒப்பினாற் கூறுகின்றமை தோன்றவே எழுதினார். 2000-இல் அந்நூல் திரைப்படமாயிற்று. ஆண்டு ஒப்பு காட்சியாக மாறிவிட்டது! அலை எழுகின்றது, தலைவன் பேசுகின்றான், பார்ப்போர் ‘கண்டோம்’ என்கின்றனர். தம் தந்தை அதிற் பொய்யாகவும் இழிவாகவும் காட்டப்பட்டார் என்று படகுத்தலைவன் புதல்வியர் வழக்குத் தொடுத்தனர், வெற்றி கிட்டவில்லை. இறந்தார் எழுந்து மறுத்துரைக்கமாட்டாமையின், அவர்திறத்துக் கருதலைக் காட்சியெனச் சாற்றுதல் சிறு பிழையன்று.

ஆதலின், அவ்வினாவிற்கு ‘கண்டார் இலர்’ என்றெழுதிய சிறுவன் உளனாயின், அவனுக்கு மதிப்பெண் குறைக்கும் ஆசிரியர் தருக்கநூல் பயிலவேண்டியவரே.

கிளாஸ்டர்த் துறையிற் சுக்கான் பற்றி நிற்கும் மீனவன் சிலையருகே, கடலில் மாண்டோர் பெயர்கள் ஆண்டுமுறையே பொறிக்கப்பட்டுள்ளன. இவ்வறுவர் பெயரும் 1991-இன்கீழ் உள்ளன. ஆண்டும் பெயருமே ஆண்டுள்ளவை.