கரண்ட் போனால் எது எது நிற்கும்?

ஜூலை 6

கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் காற்று. அந்தக் காற்று ஓர் இரவில் ஓய்ந்துவிட்டது. மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்ததுதான் இன்றும் எங்கள் பக்கத்துப் பேச்சு.

அடுத்த புயலுக்குத் தயாராக ஐப்பசி மழைக்குள் நான்கு மாதம், மாதம் 500 ரூபாய். அதற்குமேல் வீட்டுக் கணக்கு இடம் தராது. கடைக்குப் போகுமுன், கரண்ட் போனால் எது எது நிற்கும் என்று வீட்டைச் சுற்றிவந்து எழுதினேன். மோட்டார், ஃபிரிட்ஜ், விளக்கு, செல்போன், மிக்சி, கடைத்தெரு ஏடிஎம். இந்த வரிசையில்தான் செலவு.

ஜூலை 20

மோட்டார் நின்றால் தண்ணீர் இல்லை. குடிக்க, சமைக்க ஆளுக்கு 4 லிட்டர் என்றால் நான், கணவர், மகன், அத்தை என நான்கு பேருக்கு நாளைக்கு 16. பழைய சாமான் கடையில் 50 லிட்டர் டிரம் இரண்டு வாங்கினேன். ரசாயனம் வந்த டிரம் வேண்டாமென்று சொல்லி, ஊறுகாய் வந்ததாகப் பார்த்து எடுத்தேன். குடங்களையும் சேர்த்தால் ஒரு வாரம் ஓடும். புயல் அறிவிப்பு வந்ததும் மாடித் தொட்டியை நிரப்பிவிட வேண்டும். கழுவ, குளிக்க ஆகும். கனமிருந்தால் தொட்டியும் பறக்காது.

ஒரு வாரத்துக்குப் பிறகு? தெருமுனை அடிபம்புதான் கதி. அது இப்போது காற்றைத்தான் இறைக்கிறது.

ஆகஸ்ட் 3

தெருவில் வீட்டுக்குக் கொஞ்சம் போட்டு பம்புக்கு வாஷர் மாற்றினோம். கஜா சமயத்தில் ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்து மோட்டார் ஓட்டித்தான் தண்ணீர் ஏற்றினார்கள். "அன்னிக்கு இது ஓடியிருந்தா ஜெனரேட்டருக்கு அவ்வளவு கொட்டிக் குடுத்திருக்க வேணாம்" என்றார் எதிர்வீட்டு அண்ணன். மாற்று வாஷரும் ஸ்பேனரும் எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகின்றன. எந்த வீட்டுக்காரரும் வந்து எடுக்கலாம். பம்பு மேடைவரை வெள்ளம் ஏறினால் மட்டும் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும்.

ஆகஸ்ட் 24

ஃபிரிட்ஜ் நின்றால் அத்தையின் இன்சுலின் என்னாவது? ஆஸ்பத்திரி நர்சம்மாவிடம் கேட்டேன். திறந்த புட்டி, வெயில் படாத குளிர்ச்சியான இடத்தில் நான்கு வாரம்வரை தாங்குமாம். ஐஸ்மேல் நேராக வைக்கக் கூடாது. உறைந்தால் மருந்து வீண். அகலச் சட்டியில் ஈரமணல், அதற்குள் மூடிபோட்ட மண்கலயம், அதற்குள் மருந்து. செலவு கலயத்துக்கு மட்டும்.

அத்தை எட்டிப் பார்த்தார். "மோரு கெடாம இருக்க நாங்க இப்படித்தான் வெப்போம். இதுக்குப் போயி நர்சம்மாவ கேட்டியாக்கும்!"

செப்டம்பர் 14

டார்ச்சும் ரேடியோவும் ஒரே அளவு பேட்டரி போடுவதாகப் பார்த்து வாங்கினேன். ஒன்றிலிருந்து கழற்றி மற்றதில் போடலாம். செல்போன் டவர் செயலிழந்தாலும் காரைக்கால் பண்பலை கேட்கும். பவர் பேங்க் இந்த மாதத்து மீதிப் பணத்தை விழுங்கிவிட்டது. பக்கத்தில் கீற்றுக் கொட்டகை இருப்பதால் மெழுகுவத்தி வேண்டாமென்று முடிவு.

அக்டோபர் 5

சாப்பாட்டுக்கென்று தனி மூட்டை கட்டவில்லை. மாதச் சாமானோடு அவல், பொட்டுக்கடலை, வெல்லம் மட்டும் ஒவ்வொரு கிலோ கூடுதல். புதியது டப்பாவுக்கு அடியில், பழையது மேலே; அப்போதுதான் வண்டு விழுமுன் தீரும். அவலுக்கு அடுப்புகூட வேண்டாம். மிக்சிக்குப் பதில் அம்மி இருக்கிறது. மீதிப் பணத்தை 10, 20, 50 ரூபாய்த் தாள்களாக மாற்றி அரிசிப் பானையில் வைத்தேன். ஏடிஎம் நின்றால் 500 ரூபாய்க்குச் சில்லறை தர ஆள் இருக்காது.

பட்டா, குடும்ப அட்டை, ஆதார், பாஸ்புக், வீட்டு வரி ரசீது எல்லாம் இரட்டைப் பாலித்தீன் பைக்குள். வீடு, மாடு, தென்னை என மகன் போட்டோ எடுத்துத் திருப்பூரிலுள்ள சித்தப்பாவுக்கு அனுப்பினான். நிவாரணக் கணக்கெடுப்பில் விழுந்த மரத்தைக் காட்டிவிடலாம். நேற்றுவரை அது காய்த்துக்கொண்டிருந்தது என்பதற்குப் போட்டோதான் சாட்சி.

அக்டோபர் 19

வீட்டோரத் தென்னைகளில் முற்றின காய்களையும் காய்ந்த மட்டைகளையும் இறக்கியாயிற்று. மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டம் 1077, ஆம்புலன்ஸ் 108 என்று சுவரில் கரிக்கட்டியால் எழுதியாயிற்று.

பட்டியலில் இல்லாத ஒன்று இன்றுதான் கிளம்பியது. சிவப்பு எச்சரிக்கை வந்தால் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்றதும், "மாட்டை வுட்டுட்டு நான் வரமாட்டேன்" என்றார் அத்தை. நான்கு மாதமும் இவ்வளவு வாக்குவாதம் நடந்ததில்லை. கட்டிப்போட்ட மாடு வெள்ளத்தில் தப்பாது, அவிழ்த்துவிட்டால் மேடு தேடிப் போய்விடும் என்று என் கணவர் சொன்ன பிறகே அத்தை இறங்கிவந்தார். கயிற்றைத் தன் கையால்தான் அவிழ்ப்பாராம்.

சரி, அது அத்தையின் வேலை. மருந்துக் கலயம் எனக்கு, காகிதப் பை மகனுக்கு, அத்தையைச் சைக்கிளில் உட்காரவைத்துத் தள்ளிப்போவது இவருக்கு. இருட்டுமுன் கிளம்பிவிட வேண்டும். இதற்குக் காலணா செலவில்லை; ஆனால் மழை தொடங்கிய பிறகு பேசித் தீர்த்திருக்க முடியாது.